டிரஸ்டா, சங்கமா, செக்‌ஷன் 8 கம்பெனியா? நாங்கள் ஏன் சங்கம் பதிவு செய்தோம்

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்திவருகிறோம். வெகுகாலம் நன்கொடை எல்லாம் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. தொகை கூடக்கூட அது அவருக்கும் நல்லதில்லை, கொடுப்பவர்களுக்கும் நல்லதில்லை என்று தோன்றியதால் முறையாகப் பதிவு செய்ய முடிவெடுத்தோம். விசாரித்த இடத்தில் எல்லாம் “டிரஸ்ட் போட்டுடுங்க, அதுதான் சுலபம்” என்றார்கள். நாங்கள் சங்கமாகப் பதிவு செய்தோம். அதற்கான காரணங்களை எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950 முதல் தனிச் சட்டமும் ஆணையரும் உள்ள மகாராஷ்டிரத்தில் நிலைமை வேறு.

டிரஸ்ட், சங்கம், செக்‌ஷன் 8 கம்பெனி (கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி) என்று மூன்று வடிவங்கள் உண்டு. வரிச் சலுகையை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி, கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி, வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ எல்லாமே மூன்று வடிவங்களுக்கும் கிடைக்கும். நிபந்தனைகளும் பொதுதான். எஃப்சிஆர்ஏ பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பணம் முதலில் புதுடெல்லி நாடாளுமன்றத் தெரு எஸ்பிஐ கிளைக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிரஸ்டுக்கு மட்டும்தான் 80ஜி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செக்‌ஷன் 8 கம்பெனியை நான் நடத்திப் பார்த்ததில்லை, நடத்தும் நண்பர்கள் வழியாகத் தெரிந்ததுதான். இரண்டு பேர் போதும், பதிவு முழுக்க ஆன்லைன், பெரிய நிறுவனங்களிடம் நிதி கேட்கப் போனால் மதிப்பும் கொஞ்சம் கூடுதல். ஆனால் வரவுசெலவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். ஆண்டுக் கணக்குக்கான ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7 படிவங்களைத் தவறவிட்டால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பல மாநிலங்களில் வேலை செய்பவர்களுக்கு இது சரி. ஓய்வு நேரத்தில் தொண்டு செய்கிற எங்களுக்குத் தாங்காது.

டிரஸ்ட் உண்மையிலேயே சுலபம். ஒரு பத்திரம், இரண்டு அறங்காவலர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. அதன் பிறகு அந்த அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் எதுவும் தாக்கல் செய்ய வேண்டாம், வருமான வரித் துறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தால் போதும். பெற்றோர் நினைவாக ஒரு குடும்பம் நிலமோ பணமோ ஒதுக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவுகிறது என்றால் நானே டிரஸ்டைத்தான் சொல்வேன். அங்கே பொருள் ஒருவருடையது, நோக்கமும் அவர் வகுத்தது.

எங்கள் மையத்தில் அப்படி ஒருவர் இல்லை. பலருடைய உழைப்பில் நிற்கிறது. வேலை மாற்றம், கல்யாணம் என்று ஆட்கள் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். பத்து வருடம் கழித்து இது யார் கையில் இருக்கும், அந்தக் கை எப்படி மாறும் என்பதுதான் எங்களுக்கு முக்கியமான கேள்வி.

டிரஸ்டில் அதற்குப் பதில் பத்திரத்தில்தான் இருக்கும். நாங்கள் பார்த்த மாதிரிப் பத்திரங்கள் பலவற்றில் நிறுவனரே ஆயுட்கால நிர்வாக அறங்காவலர், தனக்குப் பின் யார் என்பதை நியமிக்கும் உரிமையும் அவருக்கே. வருடக்கணக்காக வகுப்பெடுத்த தொண்டருக்கு வாக்கு கிடையாது, கணக்கைக் கேட்கும் உரிமையும் பெயருக்குத்தான். பிரச்சினை முற்றினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போட வேண்டும். பதவிக்காலம், சுழற்சி எல்லாம் வைத்து நல்ல பத்திரம் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம். ஆனால் அதன்படி நடக்கிறதா என்று வருடாவருடம் பார்க்க வெளியே யாரும் இல்லை.

சங்கத்தில் இதை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. குறைந்தது ஏழு பேர் வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட வேண்டும், அதில் வரவுசெலவு வைக்கப்பட வேண்டும், பிறகு கணக்கும் உறுப்பினர் பட்டியலும் மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும். எங்கள் முதல் பொதுக்குழுவில், சேர்ந்து சில மாதமே ஆன ஒரு தங்கை எழுந்து, போக்குவரத்துச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்டார். பொருளாளர் அண்ணன் பில்களை எடுத்துவைத்து விளக்கினார். அந்தக் கேள்வி கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்பதற்காகவே நான் சங்கத்தின் பக்கம் நிற்கிறேன்.

இதற்குக் கொடுக்கும் விலை பராமரிப்பு. பொதுக்குழு, மினிட் புத்தகம், தாக்கல் என ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருடம் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு மொத்தமாகச் சரிசெய்ய அலைகிற சங்கங்கள் நிறைய. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மாறினால், காசோலையில் கையெழுத்திடுபவரை மாற்ற வங்கி கேட்பது பதிவாளர் அலுவலகத்தில் ஏற்கப்பட்ட நிர்வாகிகள் பட்டியலைத்தான். பட்டியல் நிலுவையில் இருந்தால் பணமும் கணக்கிலேயே கிடக்கும். தாக்கல் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். “யாராவது பார்த்துக்குவாங்க” என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று கோஷ்டிச் சண்டை. இரண்டு அணி பிரிந்து, இரண்டு நிர்வாகிகள் பட்டியல் கொடுத்து, வழக்கில் போய் நின்ற சங்கங்கள் உண்டு. ஒரு வருடமாவது மையத்தில் வேலை செய்தவர்களுக்கே வாக்குரிமை என்று துணை விதியில் எழுதியிருக்கிறோம். எங்களிடம் இதுவரை நிர்வாகம் மாறியது போட்டியில்லாமல்தான். உண்மையான மோதல் வந்தால் இந்த விதி எவ்வளவு தாங்கும் என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

எந்த வடிவமானாலும், அமைப்பு கலைந்தால் மீதிச் சொத்து அதே நோக்கமுள்ள வேறு தொண்டு அமைப்புக்குத்தான் போகும், உறுப்பினர்களுக்குப் போகாது என்ற வரி ஆவணத்தில் இருக்கட்டும். 12ஏ விண்ணப்பத்தின்போது அதைத் தேடிப் பார்ப்பார்கள். பான் அட்டை வந்ததும் தற்காலிகப் பதிவுக்குப் போட்டுவிடுங்கள். அது மூன்று ஆண்டுக்குத்தான். வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.