மூக்கு நேராயிடுச்சு, கண்ணாடி இன்னும் கோணல்தான்: மூக்கு சர்ஜரி பண்ணி சில வருஷம் கழிச்சு

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் மூக்கு சர்ஜரி பண்ணிக்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கான். சின்ன வயசுல பந்து பட்டு மூக்கு எலும்பு ஒரு பக்கமா சாஞ்சு, யாரும் கண்டுக்காம அப்படியே கூடிடுச்சு. "அண்ணே நீங்க பண்ணிருக்கீங்கல்ல, எப்படி இருக்கு, பண்ணலாமா"ன்னு மெசேஜ் போட்டான். ரெண்டு வரில பதில் போடலாம்னு உக்காந்தேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி யோசிச்சுட்டு இருக்கற மத்தவங்களுக்கும் ஆகட்டும்னு இங்கயே எழுதறேன். எங்க வெட்டுவாங்க, எவ்வளவு நேரம் ஆகும், மயக்க மருந்து எப்படி, இதெல்லாம் தேடினாலே கிடைக்கும். அந்த மூக்கை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா வாழ்றது எப்படின்னு மட்டும் சொல்றேன். இன்னைக்கு கொஞ்சம் கடுப்புல இருக்கேன், அதையும் மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா கடுப்புல விட்டுப்போயிடும். மூச்சு. எனக்கு வெளில எலும்பு மட்டும் சாய்வு இல்ல, உள்ள ரெண்டு துவாரத்தையும் பிரிக்கற நடுத்தண்டும் வளைஞ்சு இடது பக்கத்தை பாதி அடைச்சுட்டு இருந்துச்சு, ரெண்டையும் ஒரே சர்ஜரில சரி பண்ணாங்க. பொதுவா ரெண்டு துவாரமும் ஒரே நேரத்துல முழுசா வேலை செய்யாது, சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் கொஞ்சம் அடைச்சு, அப்புறம் அது திறந்து மறுபக்கம் அடைக்கும், உள்ள டர்பினேட்னு ஒரு சதை இருக்கு, அது மாறி மாறி வீங்கி சுருங்கறதால. தண்டு நேரா இருக்கறவங்களுக்கு இது தெரியக்கூட தெரியாது. என்னை மாதிரி ஆளுங்களுக்கு, நல்லா இருக்கற பக்கம் அடைக்கற முறை வந்துச்சுன்னா ரெண்டு கதவும் சாத்தின கணக்குதான், நடுராத்திரில எழுந்து உக்காந்துக்கணும், காலைல தொண்டை வறண்டு போய் பேச்சே வராது. தண்டு நகராம இருக்க உள்ள வெச்சிருந்த ஸ்பிளின்ட்ங்கற தகட்டை எடுத்த அன்னைக்கு இடது பக்கமா இழுத்த முதல் மூச்சு ஜில்லுனு அண்ணத்துக்குப் பின்னாடி வரைக்கும் போய் பட்டுச்சு பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பாதி வலில, பாதி சந்தோஷத்துல. அப்புறம் உள்வீக்கத்துல திரும்ப அடைச்சு, வாரக்கணக்குல மெல்ல மெல்ல திறந்துச்சுங்கறது வேற விஷயம். இப்ப வாயை மூடிட்டு தூங்கறேன். இதுக்கு முழு மார்க்.

அதனால தம்பி, நீ முதல்ல பாக்க வேண்டியது மூச்சை. கன்னத்துல மூக்கு ஓரமா விரலை வெச்சு மெதுவா வெளிப்பக்கமா இழுத்துப் பாரு, சட்டுனு மூச்சு லேசா வந்துச்சுன்னா மூக்குக்குள்ள வால்வுன்னு சொல்ற குறுகலான இடத்துல பிரச்சனை இருக்க வாய்ப்பு இருக்கு. அதை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணிடாத, டாக்டர்கிட்ட சொல்றதுக்கு உதவும். உள்ள தண்டு வளைஞ்சிருக்கும்போது வெளில மட்டும் நேராக்கித் தரேன்னு யாராவது சொன்னா கிளம்பி வந்துடு. தண்டு எந்தப் பக்கம் போகுதோ மூக்கும் அந்தப் பக்கம்தான் போகும், வெளிவேலை மட்டும் பண்ணி உள்ள குறுகிப்போச்சுன்னா இருக்கற மூச்சும் போகும்.

இப்ப கடுப்புக்கு வரேன்.

நான் சர்ஜரிக்கு போனதுக்கு பாதி காரணம் கண்ணாடி. படிக்கற காலத்துலேர்ந்து பவர், எந்த ஃபிரேம் வாங்கினாலும் ஒரு பக்கம் தொங்கும், ஃபோட்டோ எடுக்கறவங்க எல்லாரும் "தலையை நேரா வைங்க"ன்னு சொல்லுவாங்க, நேராத்தான் வெச்சிருப்பேன். மூக்கு கோணல், அதனால கண்ணாடி கோணல், மூக்கை சரி பண்ணா எல்லாம் சரியாயிடும்னு ஒரு கணக்கு. சர்ஜரி முடிஞ்சதும் கண்ணாடியை மூக்கு மேல வைக்கவே கூடாதுன்னுட்டாங்க, எலும்பை வெட்டி நகத்தி வெச்சிருக்காங்கல்ல, அது கூடற வரைக்கும் எடை தாங்காது, சாதாரணமா நாலுலேர்ந்து ஆறு வாரம். அத்தனை நாளும் ஃபிரேமை நெத்தில டேப் போட்டு ஒட்டிக்கிட்டு அலைஞ்சேன். வேர்த்தா டேப் உரியும், கண்ணாடி சரிஞ்சு அந்தப் புது மூக்கு மேல விழப்போகும், உயிர் போயிட்டு வரும். அது முடிஞ்சு ஒருநாள் ஒழுங்கா மாட்டிட்டு பாத்தா, அதே பக்கம், அதே தொங்கல்.

கண்ணாடிக் கடைக்காரர் ஃபிரேமை வாங்கி மேஜை மேல தலைகீழா வெச்சு ரெண்டு காலும் சமமா உக்காருதான்னு பாத்தார், உக்காந்துச்சு. திரும்ப என் முகத்துல மாட்டி, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்துட்டு, "மூக்கெல்லாம் நேராத்தான் சார் இருக்கு, உங்க வலது காதுதான் ஏறி இருக்கு"ன்னார். அவ்வளவுதான். இத்தனை வெட்டு, தையல், கண்ணுக்குக் கீழ நீலம் பாரிச்சு, வாயைத் திறந்துட்டுதான் தும்மணும்னு கட்டுப்பாடு, எல்லாத்தையும் பட்டுட்டு வந்தா காது. ஃபிரேம் காலை சூடு பண்ணி ஒரு பக்கம் வளைச்சுக் கொடுத்தார், ரெண்டு நிமிஷ வேலை. இப்ப அந்தக் கண்ணாடியை மேஜைல வெச்சா ஒரு கால் தூக்கிட்டு நிக்குது, முகத்துல போட்டா நேரா இருக்கு. இன்னைக்கு நோஸ் பேட் ஸ்க்ரூ கழண்டுபோச்சுன்னு போனேன், கடைல புதுப் பையன், அவன் பங்குக்கு ரெண்டு காலையும் சமமா நிமித்திக் கொடுத்துட்டான். வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடில பாத்ததுலேர்ந்து ஏறின சூடு இன்னும் இறங்கல.

இது கண்ணாடி கதை மட்டும் இல்லீங்க, கோணல் மூக்கு வெச்சிருக்கற நிறைய பேருக்கு இதே கதைதான். யாரோட முகமும் ரெண்டு பாதியும் அச்சா ஒண்ணா இருக்காது, ஒரு புருவம் ஏறி இருக்கும், ஒரு கன்ன எலும்பு உள்வாங்கி இருக்கும், தாடை கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். நம்ம கண்ணு அதெல்லாத்தையும் விட்டுட்டு நடுவுல இருக்கற மூக்கை மட்டும் பிடிச்சுக்கும். சர்ஜன் புருவ மத்தியிலேர்ந்து தாடை நடு வரைக்கும் ஒரு கோடு போட்டுப் பாப்பார், அந்தக் கோடே கோணலா இருந்தா மூக்கை எதுக்கு நேரா வைக்கறது? கண்ணு ரெண்டுக்கும் நடுவுக்கா, பல் வரிசை நடுவுக்கா, தாடைக்கா? எதுக்கு வெச்சாலும் மத்தது கோணலாத் தெரியும். மூக்கு இடது பக்கம் சாஞ்சிருந்தப்ப என் தாடை வலது பக்கம் ஒதுங்கினது எனக்கு தெரிஞ்சதே இல்ல, இப்ப தினமும் ஷேவ் பண்ணும்போது அதுதான் கண்ணுல படுது.

டாக்டர் இதைச் சொன்னாரா? நியாயமா சொல்லணும்னா, சொன்னார். "உங்க முகத்துலயே கொஞ்சம் ஏத்த இறக்கம் இருக்கு, நூத்துக்கு நூறு நேரா வராது, நல்லாத் தேறும்"னு சொன்னார். சொல்லிட்டு அடுத்த நிமிஷமே ஸ்க்ரீனைத் திருப்பி, என் ஃபோட்டோல மூக்கை மவுஸால பிடிச்சு இழுத்து, நூல் பிடிச்ச மாதிரி நேராக்கிக் காட்டினார். ரெண்டுல எது மனசுல நிக்கும்? அந்தப் படம்தான் நிக்கும். அந்தப் படத்துல தோல் கிடையாது, தழும்பு கிடையாது, குருத்தெலும்பு கிடையாது. குருத்தெலும்பு இருக்கே, அது சுருட்டியே வெச்சிருந்த பாய் மாதிரி, விரிச்சுப் போட்டாலும் ஓரம் பழைய பக்கமா தூக்கும். அதுக்குத்தான் தண்டுலேர்ந்தே சின்ன பட்டையா வெட்டி ஓரத்துல முட்டுக் கொடுக்கறாங்க, ஸ்ப்ரெடர் கிராஃப்ட்னு பேரு, எனக்கும் வெச்சிருக்காங்க. அப்படியும் ஒரு வருஷம் கழிச்சு நுனி மட்டும் ஒரு மயிரிழை இடது பக்கம் போச்சு. வேற யாரும் கண்டுபிடிச்சதில்ல, நானே சொல்லிக் காட்டினாலும் "எங்க?"ன்னு கேக்கறாங்க, அது ஆறுதலா எரிச்சலான்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

அந்த ஒரு வருஷத்தைப் பத்தியும் சொல்லணும். வெளில இருக்கற கட்டை சுமார் ஒரு வாரத்துல எடுத்துடுவாங்க, முக்கால்வாசி வீக்கம் சில வாரத்துல வடியும், ஆனா கடைசி உருவம் வர ஒரு வருஷம், தோல் தடிமனா இருந்தா அதுக்கும் மேல. நுனிதான் எல்லாத்துக்கும் கடைசி. காலைல உப்பி இருக்கும், சாயங்காலம் இறங்கும், நாம ஒரு நாளைக்கு ரெண்டு மூக்கைப் பாத்து ரெண்டு முடிவுக்கு வருவோம். நுனி மாசக்கணக்குல மரத்து இருந்துச்சு, ஜலதோஷம் பிடிச்சு மூக்கு ஒழுகறது கைக்குத் தெரிஞ்ச அப்புறம்தான் எனக்கே தெரியும். அப்புறம் மெல்ல உணர்ச்சி வந்துச்சு. திருப்தி இல்லாம திரும்ப பண்ணனும்னாலும் குறைஞ்சது ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுவாங்க, ரெண்டாவது தடவை உள்ள தழும்புக்கு நடுவுல வேலை, குருத்தெலும்பும் கம்மியா இருக்கும், காதுலேர்ந்தோ விலா எலும்புகிட்டேர்ந்தோ எடுக்க வேண்டி வரலாம். காதுலேர்ந்து எடுக்கறதுன்னா எனக்கு அந்த வலது காதுலேர்ந்தே எடுக்கட்டும். வெளித்தழும்பு பத்தி கேட்டிருந்த, ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல சின்னதா ஒரு கோடு, எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்கணும், அதுக்கெல்லாம் பயப்படாத.

செல்ஃபியை வெச்சு முடிவு பண்ணாத. நீ எனக்கு அனுப்பின அத்தனையும் செல்ஃபி. 2018ல ஒரு ஆய்வுக்கட்டுரை வந்துச்சு, 12 அங்குல தூரத்துல எடுத்தா, 5 அடி தள்ளி எடுக்கறதைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. லென்ஸ் மேல தப்பு இல்ல, கேமராவுக்கு மூக்கு பக்கம், காது தூரம், அவ்வளவுதான். அதோட நாம தினமும் நிலைக்கண்ணாடில பாக்கறது இடம் வலம் மாறின முகம், அது பழகிடும், ஃபோட்டோல திரும்பி வரும்போது கோணல் ரெண்டு மடங்காத் தெரியும். யாரையாவது தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுக்கச் சொல்லு, அதைப் பாத்துட்டும் அதே எண்ணம் இருந்தா பேசலாம். அப்பவும் நாள் முழுக்க அந்த மூக்கு நினைப்பாவே இருந்து வேலை வெட்டி ஓடலன்னா, சர்ஜனுக்கு முன்னாடி மனநல டாக்டர் ஒருத்தரைப் பாக்கறது நல்லது, தப்பா எடுத்துக்காத, அந்த மாதிரி நிலைமைல இருக்கறவங்களுக்கு எவ்வளவு நல்லா பண்ணாலும் திருப்தி வர்றது கஷ்டம், நல்ல சர்ஜனா இருந்தா அவரே இதைக் கேப்பார்.

ஃபில்லர் போட்டு சமாளிக்கலாமான்னும் கேட்டிருந்த. பள்ளமா இருக்கற பக்கத்துல ஊசி போட்டு நிரப்பினா பாக்க நேரா இருக்கும், எலும்பு அங்கயேதான் இருக்கும், மூச்சுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, சில மாசத்துலேர்ந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள கரைஞ்சுடும். ஹையலூரானிக் ஆசிட் வகைன்னா பிடிக்கலைன்னா கரைக்கறதுக்கு மருந்து இருக்கு. ஆனா மூக்கைச் சுத்தி இருக்கற ரத்தக்குழாய் கண்ணுக்குப் போற குழாயோட சேர்ந்தது, அபூர்வமா அதுல போய் அடைச்சு பார்வையே போயிருக்கு. ஊசிதானேன்னு அழகு நிலையத்துல போய் உக்காந்துடாத.

மார்க் போடச் சொன்னா இன்னைக்கு 5க்கு 2. படிச்சுட்டு வந்தவங்களுக்கு குழப்பமா இருக்கும், மேல மூச்சுக்கு முழு மார்க் கொடுத்தவன்தான் நான், அந்த மூச்சைத் திருப்பிக் கொடுத்துட்டு பழைய மூக்கை வாங்கிக்கறியான்னு கேட்டா கொடுக்கவே மாட்டேன். இருந்தாலும் 2 தான். அடுத்த வாரம் ஃபிரேம் காலைத் திரும்ப வளைச்சு வாங்கிட்டு வந்த அப்புறம் கேட்டா 4 சொன்னாலும் சொல்லுவேன்.

நீயும் கண்ணாடி போடறவன். டாக்டரைப் பாக்கப் போறப்ப கண்ணாடியோட போ, அங்க கழட்டச் சொல்லிட்டுத்தான் ஃபோட்டோ எடுப்பாங்க, போட்டுட்டும் ஒண்ணு எடுக்கச் சொல்லு. அப்படியே ரெண்டு காதையும் பாத்துச் சொல்லச் சொல்லு, கேக்கறதுக்கு கூச்சப்படாத.