சீவார்டில் மவுண்ட் மாரத்தான்: நேரில் பார்க்கவேண்டிய ஓட்டம்

அலாஸ்காவில் அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சீவார்டுக்குப் போங்கள். மீன்பிடி படகுகள் நிற்கும் சின்ன ஊர். அன்று தெருவெல்லாம் ஜனம். 1915 முதல் நடக்கும் ‘மவுண்ட் மாரத்தான்’ என்ற மலையோட்டத்துக்காகத்தான் அத்தனை கூட்டமும்.

தூரம் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் ஊர்த் தெருவில் கிளம்பி 3,022 அடி உயரம் ஏறித் திரும்பவேண்டும். ஏறும்போது பலர் கையை முழங்காலில் ஊன்றித்தான் நடக்கிறார்கள். இறக்கம்தான் பயங்கரம்: சரளைக் கற்களில் சறுக்கியபடி பாய்கிறார்கள். 2016இல் டேவிட் நோரிஸ் என்ற ஓட்டக்காரர் 41 நிமிடம் 26 விநாடியில் முடித்தாராம். மலையை நேரில் பார்த்தபின் அந்த வேகம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பைனாகுலர் கட்டாயம் வேண்டும். உச்சியில் ஆட்கள் புள்ளிகளாகத்தான் தெரிவார்கள். பலரும் முடிவுக் கோட்டருகே இடம் பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் மலையடிவாரம்தான் மேல். முழங்கால் சிராய்த்து, சேறும் ரத்தமுமாக இறங்கி வருபவர்களை அங்கே அருகில் பார்க்கலாம். கடைசியாக வருபவருக்கும் கைதட்டல் குறையவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அறை கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். அப்புறம், மழைக்கோட்டு மறக்காதீர்கள்.