பினாங்கில் ஆண் மார்பு வீக்கத்துக்கு மருத்துவம்: விடுப்பில் வருவோருக்கு

மூன்று வார விடுப்பில் பினாங்குக்கு வந்து, பெருத்த மார்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டு திரும்ப முடியுமா? முடியும். ஆனால் முதல் வாரம் முழுவதும் காரணத்தைத் தேடுவதற்கே வேண்டும்.

மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கி நகர்த்துங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் தட்டு மாதிரி வட்டமாகத் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. தடையில்லாமல் காம்புவரை விரல் வந்தால் வெறும் கொழுப்பு. எடையைக் குறைப்பதே முதல் வேலை. கட்டி இறுகி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ உடனே சர்ஜனைப் பாருங்கள். மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஒன்று ஆண்களுக்கு வருவது.

பருவ வயதில் வருவது பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே வடிந்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் வெறும் மார்போடு காவடி எடுக்கக் கூசுகிறான் என்பதற்காக 14 வயதுப் பிள்ளையை ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டாம். "இது வரும், போகும்" என்று ஒரு டாக்டர் அவனிடம் நேராகச் சொன்னாலே பாதி பாரம் இறங்கும்.

பெரியவர்கள் மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் உடலில் நீர் தேங்குவதற்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைட், மனநலத்துக்கான ரிஸ்பெரிடோன், ஜிம்மில் கைமாறும் ஸ்டீராய்டு ஊசி எல்லாமே இதைக் கொண்டுவரும். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்து வாருங்கள்; டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். இரத்தம் காலை 8 முதல் 10 மணிக்குள் கொடுக்க வேண்டும், பிற்பகலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும். அதோடு எல்எச், எஸ்ட்ராடியோல், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்கள், தைராய்டு, ஈரல், சிறுநீரகம், எச்சிஜி என்ற ஹார்மோன் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது விரைக் கட்டியைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. விரையைத் தொட்டுச் சோதிக்காத டாக்டர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

வலியோடு வந்து ஓராண்டு ஆகாததென்றால், பெண் ஹார்மோனின் வேலையை மார்பில் தடுக்கும் டமோக்சிஃபென் மாத்திரையைத் தினம் 10 அல்லது 20 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. வந்து ஓராண்டுக்கு மேல் போனால் திசு நாராக இறுகிவிடும், மாத்திரைக்கு அசையாது.

ஜாலான் ரெசிடென்சியில் உள்ள அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் மலேசியக் குடிமக்களுக்குச் செலவு குறைவு. காத்திருப்பு விடுப்புக்குள் அடங்காது. தனியாரில் ஸ்கேன் சீக்கிரம் கிடைக்கும். ஓர் அழகு கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் லிப்போசக்‌ஷனுக்கு மட்டும் பேக்கேஜ் விலை சொன்னார்கள். சுரப்பி உள்ள மார்பில் கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் காம்புக்குக் கீழே குமிழ் அப்படியே நிற்கும். எல்லாவற்றையும் சுரண்டினால் காம்பு குழியில் விழும். அதனால்தான் அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் திசுவை விட்டுவைப்பார்கள். தேசிய ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் சர்ஜன் பெயரை இணையத்திலேயே தேடிப் பாருங்கள். சொல்லும் விலையில் மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், லேப், பிறகு மார்பை இறுக்கிப் பிடிக்கப் போடும் அழுத்தச் சட்டை எல்லாம் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள்.

இரத்தக் கட்டு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் தெரியும், நீர் கோத்தல் அடுத்த இரு வாரத்தில். ஆகவே ஆபரேஷனுக்கும் விமானத்துக்கும் இடையே இரண்டு வாரம் விடுங்கள். அழுத்தச் சட்டை 4 முதல் 6 வாரம். இந்த வெக்கையில் ஒன்று போதாது, மாற்ற இரண்டு வேண்டும். திரும்பும்போது பெட்டியை வேறொருவர் தூக்கட்டும். வெட்டியெடுத்த திசுவின் லேப் அறிக்கையும் ஆபரேஷன் குறிப்பும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். நீங்கள் திரும்பிப் போகும் ஊரின் டாக்டர் முதலில் கேட்பது அவைதான்.