பழைய வியூ மாஸ்டர்: கருவியை விடுங்கள், ரீலைப் பாருங்கள்

தூங்கப்போகும் முன் டிவியில் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரி, ஸ்கூபி டூ நினைவாகச் சேர்க்க பொம்மை, டிபன் பாக்ஸ், ஸ்டிக்கர் ஆல்பம் என்று எத்தனையோ உண்டு. பெரும்பாலானவை அலமாரியில் நிற்கத்தான் லாயக்கு. வியூ மாஸ்டர் அப்படியல்ல. ரீல் என்ற வட்ட அட்டையில் பதித்த சிறு ஃபிலிம் படங்களை முப்பரிமாணமாகக் காட்டும் கருவி அது. கண்ணில் வைத்து நெம்புகோலை ஒரு அழுத்து அழுத்தினால் இன்றும் கதை நகரும். 1939-இல் வந்த இந்தக் கருவிக்கு ஈடாக ஒரு கார்ட்டூன் நினைவுப்பொருளைச் சொல்வது கஷ்டம்.

வாங்குகிறவர்கள் பலரும் செய்யும் தவறு, பளபளக்கும் கருவிக்குக் காசைக் கொட்டிவிட்டு, கிடைத்த ரீலை வாங்கிக்கொள்வது. கருவி எளிதில் கெடாது. கெடுவது ரீல்தான். ஒரு ரீலில் 14 ஃபிலிம் துண்டுகள். எதிரெதிரே உள்ள இரண்டு சேர்ந்து ஒரு முப்பரிமாணப் படம். ஆக ஏழு காட்சி. மூன்று ரீல் பாக்கெட் என்றால் 21.

முதலில் நிறத்தைப் பாருங்கள். ரீலை வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை மட்டும் கவனியுங்கள்: கண்ணின் வெள்ளை, மேகம், தட்டு. அது இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். ஃபிலிமின் மூன்று சாயங்களில் நீலப்பச்சை முதலில் மங்கிவிட்டது என்று அர்த்தம். அதை ஒன்றும் செய்ய முடியாது. பாக்கெட்டில், முதலில் இதைத் தயாரித்த சாயர்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அவை கோடாக்ரோம் என்ற கோடாக் நிறுவன வண்ண ஃபிலிம். இருட்டில் வைத்திருந்தால் நிறம் அப்படியே நிற்கும். 1966-இல் சாயர்ஸ், ஜிஏஎஃப் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. சிவப்பேறிய ரீல்கள் அதிகம் சிக்குவது அந்தப் பெயரில் பின்னாளில் வந்தவற்றில்தான். எல்லாமே அப்படியல்ல, ஆனால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்து, படம் எடுத்த விதம். ஃப்ளோரன்ஸ் தாமஸ் போன்ற சிற்பிகள் பாத்திரங்களைக் களிமண்ணில் செய்து, சிறு மேடையில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அந்த ரீல்களில் முன்னால் புல், நடுவில் பாத்திரம், பின்னால் வீடு என்று ஆழம் அள்ளும்; விரலை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். வரைந்த சித்திரத்தை அடுக்கி எடுத்தவை, அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல் தட்டையாகத் தெரியும். டிவியில் பார்த்த அதே முகம் வேண்டுமென்றால் இரண்டாவது வகை. வியப்பு வேண்டுமென்றால் களிமண்தான். எங்கள் ஓட்டு களிமண்ணுக்கு.

வளைந்த ரீல் உள்ளே சிக்கும். பலத்தைக் காட்டி இழுத்தால், ரீலை நகர்த்த உதவும் சிறு துளைகள் கிழிந்து, அதன்பின் படம் பாதியில்தான் நிற்கும். மை ஒற்றும் தாள்கள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். தூசிக்கு ஊது பம்பும் மென்தூரிகையும் போதும். தண்ணீர் பட்டால் அட்டை உப்பும். படத்தில் சிலந்தி வலைபோல் கோடு தெரிந்தால் பூஞ்சை. அது ஃபிலிமின் மேல்பூச்சையே தின்றிருக்கும், துடைத்தால் போகாது.

கருவியில் எங்கள் பரிந்துரை மாடல் ஜி. பேக்லைட் என்ற பழைய வகைக் கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த மாடல் சி அழகுதான், ஆனால் கனம். கீழே விழுந்தால் விரிசல். மாடல் எஃப்-இல் பேட்டரி விளக்கு உண்டு. பேட்டரி அறையில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருந்தால் பேட்டரி கசிந்து தகட்டை அரித்திருக்கும், விட்டுவிடுங்கள். 1970-இல் வந்த பேசும் மாடலின் ரீலோடு சின்ன ஒலித்தட்டு ஒட்டியிருக்கும். முள் தேய்ந்த கருவிதான் அதிகம் வருகிறது, ஒலிக்காக வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் நெம்புகோலை ஏழு தடவை முழுக்க அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் தானாக மேலே திரும்ப வேண்டும். நடுவில் தயங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

மாடல் ஜி-யில் விளக்கு கிடையாது. இரவில் படுக்கையில் பார்க்க, வெள்ளைச் சுவரில் படும் மேசை விளக்கின் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் போதும். மஞ்சள் பல்பு என்றால் படமும் மஞ்சளடிக்கும். பகலில் ஜன்னல் வெளிச்சம் நல்லது, ஆனால் பிள்ளைகள் சூரியனை நேராக நோக்கிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.