தேக்கு விற்க வன ஆலோசகரை வைத்த அனுபவம்: 2020-லிருந்து இன்று வரை

ஆலங்குடி பக்கம் ஒன்றரை ஏக்கரில் அப்பா 2001-ல் வைத்த தேக்கு, 220 மரம் நின்றது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் 41 மரம் சாய்ந்துவிட்டது. ஊரெல்லாம் தென்னை விழுந்து கிடக்க, கரண்ட் இல்லாத அந்த வாரத்திலேயே ஒரு வியாபாரி வந்தார். தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு மொத்தமாக 45,000 என்றார். பாதையை அடைத்துக் கிடக்கிறதே, எடுத்துப் போனால் போதும் என்று அப்பாவும் கொடுத்துவிட்டார். ஒரு மரத்தைக்கூட யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால்தான் 2020-ல் மறுபடி விற்க நினைத்தபோது, மரத்தை அளந்து மதிப்புச் சொல்லும் ஆலோசகர் ஒருவரைத் தேடினேன். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்துவிட்டுத் தனியாக இந்த வேலை பார்ப்பவர். நான் முதலில் கேட்டது, நீங்கள் மரம் வாங்குவீர்களா, மில்லோடு ஏதாவது தொடர்பு உண்டா என்பதுதான். இரண்டும் இல்லை என்ற பிறகுதான் மேற்கொண்டு பேசினேன். வாங்குகிறவரே அளந்தும் தருகிறேன் என்றால் அதற்கு ஆலோசனை என்று பெயர் கிடையாது.

வந்தவர் செய்த முதல் காரியமே வீட்டில் சண்டை மூட்டியது. பருத்த மரங்களைத் தொடாதீர்கள், கோணலும் ஒடுங்கினதுமாக 62 மரத்தை மட்டும் இப்போது எடுக்கலாம் என்றார். வியாபாரிகள் கேட்டதோ நேர் எதிர். "ஐயா, நல்லதையெல்லாம் இப்பவே கொடுத்துட்டா மிச்சம் நிக்கிறது எதுக்கும் ஆகாது" என்று அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். அப்பாவுக்கு மனசே இல்லை, ஆனாலும் சரி என்றார்.

அளவுதான் இதில் பெரிய விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டையின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கிலான நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நடுவில் 36 அங்குலம் இருக்கும் பத்தடிக் கட்டை 5.6 கன அடி வரும். அதே கட்டையை நுனிப் பக்கம் 30 அங்குலம் என்று பிடித்தால் 3.9 தான். டேப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே முப்பது சதவீதம் போய்விடுகிறது! இந்தக் கணக்கே உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் காட்டும், அதற்கு மேலும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் ஓர் எண், வெட்டிய பிறகும் தெரிகிற மாதிரி அடித்தூரில் அதே எண். குறிக்காத மரத்தை வெட்டினால் தூரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எல்லை ஓரத்தில் நின்ற ஒரு மரம் எங்களுடையதா சித்தப்பாவுடையதா என்று வந்தபோது, சர்வேயர் அளக்கட்டும், அதுவரை எண் போட மாட்டேன் என்று ஆலோசகர் நின்றுவிட்டார். சித்தப்பாவோடு மனக்கசப்பு வராமல் போனது அதனால்தான்.

62 மரத்துக்கு அவர் மதிப்பு 190 கன அடி. நாலு வியாபாரிகளிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து எழுத்தில் விலை கேட்டோம். குறைந்தது 1,05,000, கூடியது 1,58,000. அதே மரம், அதே பட்டியல்! முழுப் பணமும் வந்த பிறகுதான் வாள் வைக்க விட்டோம். சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்று, வனத்துறை அனுமதி என்று அலைந்ததெல்லாம் நான்தான், என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அப்போது அவருக்கு 5 சதவீதம், 7,900 கொடுத்தேன். 2024-ல் இன்னொரு 54 மரம் விற்றபோது மொத்தமாக 18,000 என்று மாற்றிக்கொண்டோம். சதவீதம் என்றால் அதிக மரம் வெட்டினால் அவருக்கு அதிகப் பணம், அது சரியில்லை என்று அவரே சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

நாலு வருடம் விட்டதில் என்ன கிடைத்தது? 57-ஆம் எண் மரம் 2020-ல் 31 அங்குலம், 2024-ல் 38. கேட்க ஏழு அங்குலம்தான், கன அடியில் ஒன்றரை மடங்கு. அப்பா தானே டேப் பிடித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அந்த மரத்தடியிலேயே நின்றார்.

குறையும் உண்டு. கூப்பிட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார், அதற்குள் மழை பிடித்து லாரி உள்ளே வர முடியாமல் வெட்டு தள்ளிப்போனது. 2024-ல் 350 கன அடி வரும் என்றார், கட்டையை அளந்தபோது 322 தான், சில மரத்தில் நடு பொக்கையாக இருந்தது. வெளியிலிருந்து தெரியாது என்பது உண்மை, ஆனால் அந்தச் சந்தேகத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வரப்பில் பத்து மரம் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு கட்டாது. எங்கள் தெருவில் மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் அளக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், தை பிறந்ததும் வருகிறார். எங்களிடம் மீதி நிற்கும் 63 மரத்தையும் அன்றைக்கே ஒரு தடவை அளந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.