வெண்டை மறுபடியும் உண்டு, காலிஃபிளவர் இனி இல்லை: பல பருவத் தோட்ட அனுபவம்

அடுத்த பருவத்துக்கு என்ன போடுவது என்று விதைப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். அதனால் நான் அந்த முடிவைக் காய்ந்த செடியைப் பிடுங்குகிற அன்றே எடுத்துவிடுகிறேன். எந்தச் செடி என்ன கொடுத்தது, அதற்காக நம்மை எவ்வளவு வேலை வாங்கியது என்பது அன்றைக்குத்தான் மனதில் தெளிவாக இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் நல்ல பறிப்பு மட்டும்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, காய்ப்பு குறைந்தது என்பதற்காக ஒரு காயையே ஒதுக்கிவிடக் கூடாது. குறை அந்தக் காயிலா, எடுத்த ரகத்திலா, விதைத்த நேரத்திலா, வைத்த இடத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ரகத்தையோ நேரத்தையோ மாற்றினாலே போதும்.

வெண்டையையே எடுத்துக்கொள்வோம். விதையை ஊறவைத்து நேராக இடத்திலேயே ஊன்றிவிடலாம், நாற்று எடுத்து நடும் வேலை இல்லை. 40, 45 நாளில் பூக்கும். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக்கொண்டே இருந்தால் வாரக்கணக்கில் காய்க்கும். பறிக்காமல் விட்டால் நுனி ஒடியாமல் நாராக வளையும், அதோடு முற்றிய காய் செடியில் நிற்கும்வரை புதுப் பிஞ்சும் குறையும். போன பருவத்தில் என் வெண்டையைக் கெடுத்தது மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்பெல்லாம் வலை பின்னியது மாதிரி மஞ்சளாகி, காயும் வெளிறிப் போகும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். ஆனால் இதைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. ஆகவே வெண்டை கட்டாயம் உண்டு, ரகம் மட்டும் வேறு.

தக்காளியில் எனக்கு ஆசை அதிகம், அதனாலேயே அதைக் கொஞ்சம் கடுமையாகப் பார்க்கிறேன். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாமல் இருந்தால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும். அப்போது உரம் போட்டுப் பயனில்லை. கொத்துக் கொத்தாகப் பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது விதைத்த தேதியை. அப்புறம் பழத்தின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவது. பார்க்க நோய் போல இருக்கும், ஆனால் கிருமி எதுவும் காரணமில்லை. பழத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து சேரவில்லை என்று அர்த்தம். மண்ணில் சத்து இருந்தும் இது வரும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் வேர் அந்தச் சத்தை எடுத்துக் கொடுக்க முடியாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் உடனே சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள், ஆனால் ஓடு மண்ணில் மெதுவாகத்தான் கரையும். சீரான ஈரமும், மண்ணின் மேலே காய்ந்த இலை, வைக்கோல் பரப்பிய ஒரு மூடாக்கும்தான் கை கொடுக்கும். தொட்டியில் ஈரத்தைச் சீராக வைப்பது சிரமம் என்பதால், அடுத்த முறை பெரிய பழ ரகத்தைத் தரையில் மட்டும் வைக்கப் போகிறேன். தொட்டிக்குச் செர்ரி தக்காளி. சின்னப் பழங்களில் இந்தத் தொல்லை குறைவு.

கத்தரி உண்டு, ஆனால் நாலைந்து செடிக்கு மேல் வேண்டாம். முதல் காய்ப்பு முடிந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் திரும்பத் துளிர்த்து இன்னொரு சுற்று காய்க்கும், அது பெரிய லாபம். சங்கடம், தண்டையும் காயையும் துளைக்கிற புழு. நல்லாயிருந்த நுனித்தண்டு திடீரென்று வாடித் தொங்கும். அதற்குக் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பில் புழு இருக்கும். உள்ளே போய்விட்ட பிறகு மேலே தெளிப்பது அதைத் தொடாது, வெட்டி அழிப்பதுதான் வழி. தினம் ஒரு பார்வை பார்க்க முடிகிற எண்ணிக்கையில் வைத்துக்கொண்டால் கத்தரி நல்ல செடி.

செடியைப் பிடுங்கும்போது வேரைக் கட்டாயம் உதறிப் பாருங்கள். அடுத்த பருவத்தின் பாதி முடிவு அங்கேதான் இருக்கிறது. காராமணி, அவரை, கொத்தவரை வேர்களில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் நல்லது. விரலால் தள்ளினால் அது தனியே உதிர்ந்து வரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு அது. வேரே ஆங்காங்கே வீங்கிப்போய், தள்ளினாலும் பிரியாமல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. என் தோட்டத்தில் ஒரு பாத்தியில் தக்காளி வேர் அப்படித்தான் வந்தது. அந்த இடத்துக்கு இனி தக்காளி, கத்தரி, மிளகாய் மட்டுமல்ல, வெண்டையும் கூடாது, எல்லாமே அந்தப் புழுவுக்குப் பிடித்தவை. அந்தப் புழுவைக் குறைக்க அங்கே ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாக விடப் போகிறேன். ஓரத்தில் அழகுக்கு இரண்டு செடி வைத்தால் பலன் இருக்காது.

காலிஃபிளவரை விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய செடி, இரண்டு மூன்று மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு கடைசியில் கொடுப்பது ஒரே ஒரு பூ. நடுவில் வெயில் ஏறினால் அதுவும் உதிரியாகிவிடும், இலையடியில் புழு வேறு. குளிர் நீடிக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. எனக்கு அதே இடத்தில் முள்ளங்கி 30 முதல் 45 நாளில் வந்துவிடுகிறது. மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், நாள் தப்பாமல் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். கீரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எப்போதும் உண்டு.

கொடிகளில் பாகலுக்கு இடம் உறுதி. முதலில் ஆண் பூக்கள்தான் வரும், பிஞ்சு இல்லையே என்று அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். பழ ஈ குத்திய பிஞ்சு கோணிக்கொண்டு அழுகும். பிஞ்சு பிடித்த உடனே காகிதப் பையோ மெல்லிய துணியோ கட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளும்.

அவரையில் நேரம்தான் எல்லாம். பழைய கொடி ரகங்கள் பல, பகல் பொழுது குறைய ஆரம்பித்தால்தான் பூக்கும். முன்கூட்டியே விதைத்தால் பந்தல் நிறைய இலை இருக்கும், பூ இருக்காது. தப்பு செடியின் மேல் இல்லை. அதனால் அவரையும் தொடரும், விதைப்பு மட்டும் தள்ளிப் போகும்.

விதை எடுப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அவரை, காராமணி, தக்காளியில் எடுத்த விதை பெரும்பாலும் தாய்ச்செடி போலவே வரும், வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக இல்லாத வரை. பூசணி, சுரை, பீர்க்கு அப்படியல்ல, பக்கத்தில் அதே காயின் வேறு ரகக் கொடி இருந்தால் அதோடு கலந்துவிடும். கையிருப்பு விதையில் பத்தை ஈரத்துணியில் மடித்து வைத்து, பாதிக்கும் குறைவாக முளைத்தால் புது விதை வாங்கிவிடுவேன்.

மிச்சம் இருப்பது சுரை ஒன்றுதான். காய் நன்றாகவே வருகிறது, பூ மாலையில் விரிவதால் கையால் மகரந்தம் சேர்க்கவும் எனக்கு வசதி. ஆனால் ஒரு கொடி பந்தல் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. பாகலையும் அவரையையும் பாதி பாதி ஏற்றினால் அதற்கு இடமில்லை. வேலியோரமாகப் படரவிட முடிந்தால் வைப்பேன், இல்லையென்றால் ஒரு பருவம் கழித்துத்தான்.