286 கணினிக்கு பேக்கப்: எம்எஸ்பேக்கப்பா, பிகேசிப்பா, ஏஆர்ஜேயா?

என்னிடம் உள்ள 286 கணினியில் (1980களின் பழைய பிசி) சீகேட் எஸ்டி-251 ஹார்ட் டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொள்ளளவு சுமார் 42 எம்பி. அதில் இருப்பதைச் சுருக்கி பிளாப்பிகளில் எடுத்து வைக்க எந்த மென்பொருள் சரிப்படும் என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு இப்போது ஏஆர்ஜேயில் நிலைத்துவிட்டேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐடிஇ (டிஸ்க்கை மாட்டும் பிற்கால முறை) கேபிளில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போட்டு ஓட்டுபவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. கார்டைக் கழற்றி, புதிய கணினியில் செருகி, முழுசாக ஒரு இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுத்துவிடலாம். எஸ்டி-251 போன்ற, ஐடிஇக்கு முந்தைய எம்எஃப்எம் வகை டிஸ்க்குகளில் அந்த வழி இல்லை. இரண்டு ரிப்பன் கேபிளில் தனி கன்ட்ரோலர் கார்டோடு பேசும் டிஸ்க் அது, இன்றைய கணினியில் நேராக மாட்ட முடியாது. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால் அந்தக் கணினியே ஓடி, அதன் இயங்குதளமான டாஸ் வழியாக பிளாப்பிக்கோ சீரியல் கேபிளுக்கோ அனுப்ப வேண்டும்.

சுருக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், பிளாப்பி எண்ணிக்கைதான் காரணம். 42 எம்பி நிறைந்திருந்தால், சுருக்காமல் எழுத 1.44 எம்பி பிளாப்பி கிட்டத்தட்ட 30 வேண்டும். பழைய 360 கேபி பிளாப்பி என்றால் நூறைத் தாண்டிவிடும். 1.44 பிளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து 160 டிராக் (வட்டத் தடம்), ஆகவே ஒரு சுற்றில் ஒரு டிராக் என்று எல்லாம் கச்சிதமாக நடந்தாலும் ஒரு பிளாப்பியை நிரப்ப 32 நொடி ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடுதல்தான். பாதியாகச் சுருங்கினால் நேரமும் மிச்சம், பிளாப்பியும் மிச்சம், கெட்டுப்போக வாய்ப்புள்ள பிளாப்பிகளும் பாதிதான். இந்தக் கடைசி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், எனக்கு முடிவைத் தந்ததே அதுதான்.

எவ்வளவு சுருங்கும் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்புகள் அருமையாகச் சுருங்கும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு புலத்துக்கும் நிலையான அகலம், மிச்ச இடமெல்லாம் வெற்று இடைவெளியால் நிரப்பப்பட்டிருக்கும். நிரல் மூலங்கள், கடிதங்கள் இவையும் பாதிக்குக் கீழே போய்விடும். ஜிஃப் படங்கள், ஏற்கெனவே சுருக்கிய ஈஎக்ஸ்ஈ கோப்புகள் இவற்றில் ஒன்றும் பெயராது.

டாஸோடு வரும் பேக்கப் கட்டளையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அது சுருக்காது. டாஸ் 3.3 வந்தபோது அது எழுதும் வடிவமே மாறியது, முன்பு தனித்தனி கோப்பாக வைத்ததை அதன்பின் பிளாப்பிக்கு ஒரே பெரிய கோப்பாகவும் கூடவே ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பாகவும் எழுத ஆரம்பித்தது. எம்எஸ்-டாஸ் 6இல் பேக்கப்பை எடுத்துவிட்டு, பழைய தொகுதிகளை மீட்பதற்காக ரெஸ்டோரை மட்டும் விட்டுவைத்தார்கள். தயாரித்தவர்களே கைவிட்ட ஒன்றில் புதிதாக எதையும் போட்டு வைக்க வேண்டாம்.

ஃபாஸ்ட்பேக் ஒரு காலத்தில் பெரிய பெயர். ஃபிஃப்த் ஜெனரேஷன் சிஸ்டம்ஸ் வெளியிட்டது, ஹார்ட் டிஸ்க்கைப் படிப்பதையும் பிளாப்பியில் எழுதுவதையும் டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் நினைவகத்துக்கு நேராகத் தகவல் போகும் வழி) மூலம் ஒரே நேரத்தில் செய்யும், வேகம் அசாத்தியம். பிளாப்பியைத் தன் சொந்த முறையில் வடிவமைத்து எழுதும் என்பதுதான் என் தயக்கம். இன்னொரு கணினியில் செருகி கோப்புப் பட்டியல் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. நான் இதைக் கொஞ்ச நாள்தான் ஓட்டியிருக்கிறேன், நீண்ட காலம் நம்பி வைத்திருந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

நிஜமான போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

எம்எஸ்பேக்கப், 1993இல் எம்எஸ்-டாஸ் 6ஓடு வந்தது. சைமன்டெக்கின் நார்ட்டன் பேக்கப்பை உரிமம் வாங்கிச் சேர்த்தது. பார்க்க மிக லட்சணமான மென்பொருள். மெனு, மவுஸ், மர வடிவில் கோப்பகங்கள், எத்தனை பிளாப்பி ஆகும் என்ற முன்மதிப்பீடு, எல்லாம் உண்டு. முழு பேக்கப், இன்கிரிமென்டல் (கடைசி பேக்கப்புக்குப் பின் மாறியவை), டிஃபரன்ஷியல் (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை) என்று மூன்று வகையும் செய்யும், எந்தக் கோப்பு எந்தத் தொகுதியில் என்று கேட்டலாக் வைத்துக்கொள்ளும். அந்த கேட்டலாக்கின் பெயரிலேயே டிரைவ் எழுத்து, வருடத்தின் கடைசி இலக்கம், மாதம், நாள் எல்லாம் அடங்கியிருக்கும். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். சுருக்கம் உண்டு, அதற்கு மேல் பிளாப்பியில் பிழைதிருத்தத் தகவலையும் சேர்த்து எழுதும், அதனால் ஓரிரு செக்டார் (டிராக்கின் சிறு துண்டு) கெட்டாலும் தகவல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. மற்ற இரண்டும் வழக்கமாக இப்படிப் பிழைதிருத்தத் தகவல் எழுதுவதில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பெரிய வசதி.

ஆனால் மீட்கும் நாளை நினைத்துப் பாருங்கள். எம்எஸ்பேக்கப் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் ஓடும், பிளாப்பியிலிருந்து தொடங்க முடியாது என்று அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போய் புதிதாக ஒன்றைப் போட்டால், முதலில் எஃப்டிஸ்க் (டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டளை), ஃபார்மேட், பிறகு டாஸ் 6ஐ அதன் பிளாப்பிகளிலிருந்து நிறுவுவது, பிறகு எம்எஸ்பேக்கப்பை இயக்கி பிளாப்பி டிரைவுக்கான பொருத்தச் சோதனையை முடிப்பது, இவ்வளவுக்கும் பிறகுதான் முதல் பேக்கப் பிளாப்பி உள்ளே போகும். கேட்டலாக்கின் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று தொகுதியின் கடைசி பிளாப்பியில். ஹார்ட் டிஸ்க் போன நிலையில் அந்தக் கடைசி பிளாப்பியும் படிக்கவில்லை என்றால், மற்ற பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் படிக்கவைத்து கேட்டலாக்கை மறுபடி கட்ட வேண்டும். முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

அப்புறம் பிகேசிப். 1993இல் வந்த 2.04ஜி பதிப்பைத்தான் சொல்கிறேன், பல பிளாப்பிகளுக்குப் பரப்பி எழுதும் வசதி அதில் உண்டு. வேகத்தில் ஏஆர்ஜேயை இது முந்திவிடும், விரிப்பதில் இன்னும் வேகம். ஆர்க்கைவ் பிட்டை (கோப்பு மாறியதும் டாஸ் அதற்குப் போடும் அடையாளம்) பார்த்து மாறிய கோப்புகளை மட்டும் எடுத்து, எடுத்த பின் அந்தப் பிட்டை அணைத்துவிடும் சுவிட்சும் (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் குறி) இருக்கிறது, தினசரி பேக்கப்புக்கு அது கைகொடுக்கும். டிஃப்ளேட் என்ற இதன் சுருக்கும் முறையின் விவரத்தை, இதை எழுதிய ஃபில் காட்ஸ் வெளிப்படையாக வெளியிட்டதால்தான் சிப் கோப்பை இன்று எந்தக் கருவியிலும் திறக்க முடிகிறது. தனி சிப் கோப்பாக வைத்துக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் பல பிளாப்பிக்குப் பரப்பும்போதுதான். சிப்பின் மையப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது, அதாவது கடைசி பிளாப்பியில். மீட்கும்போது முதலில் கடைசி பிளாப்பியைக் கேட்கும், அதைப் படித்த பிறகுதான் முதல் பிளாப்பிக்குப் போகும். அந்த ஒரு பிளாப்பி கெட்டால் மற்றவை நன்றாக இருந்தும், விரிக்கும் நிரலான பிகேஅன்சிப் நகராது. பழுதுபார்க்க பிகேசிப்ஃபிக்ஸ் இருக்கிறது, ஆனால் அது ஒரே துண்டான கோப்புக்காகச் செய்தது. இன்னொன்று, பரப்பிய ஒவ்வொரு பிளாப்பியிலும் கோப்பின் பெயர் ஒன்றேதான், வரிசை எண் பிளாப்பியின் லேபிளில் மட்டுமே இருக்கும். இவற்றைப் புதிய கணினியில் ஒரே கோப்பகத்தில் நகல் எடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பகம் வைக்க வேண்டும், எது எத்தனையாவது என்று குறித்தும் வைக்க வேண்டும். போதாததற்கு இந்தப் பரப்பும் வேலையை பிளாப்பியில்தான் செய்யும், ஹார்ட் டிஸ்க்கிலேயே துண்டுகளாக எழுதித் தராது.

சரி, ஏஆர்ஜே. ராபர்ட் ஜங் எழுதியது. சுருக்கும் அளவில் பிகேசிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுருக்கும்போது முன்பு வந்ததே மறுபடி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் ஜன்னல் பிகேசிப்பில் 32 கேபி, ஏஆர்ஜேயில் 26 கேபி. என் கோப்புகளில் சில சமயம் இது முந்தியது, சில சமயம் அது, கணக்கில் எடுக்கும்படி ஒன்றும் இல்லை. அதனால் சுருக்க விகிதத்தை ஒப்பிட்டு அட்டவணை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

எனக்கு எடை போட்டது தொகுதியின் அமைப்பு. ஏஆர்ஜே பல பிளாப்பிக்கு எழுதும்போது ஒவ்வொரு பிளாப்பியில் இருப்பதும் தன்னளவில் முழுமையான ஒரு ஆர்க்கைவ் (சுருக்கிய கோப்புகளின் கட்டு). முதலாவதின் நீட்டிப்பு ஏஆர்ஜே, அடுத்தது ஏ01, அதற்கடுத்தது ஏ02. ஒவ்வொன்றையும் தனியாகப் பட்டியலிடலாம், தனியாகச் சோதிக்கலாம், தனியாக விரிக்கலாம். நடுவில் ஒரு பிளாப்பி செத்தால் அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கச் சொல்லலாம். இழப்பது கெட்ட பிளாப்பியில் இருந்த கோப்புகளையும், அதன் இரு ஓரத்திலும் பாதி பாதியாக வெட்டுப்பட்ட கோப்புகளையும் மட்டும். மையப் பட்டியல், கேட்டலாக், கடைசி பிளாப்பி என்று எதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

அந்த ஓர வெட்டையும் தவிர்க்கலாம். கோப்பை இரண்டு பிளாப்பிக்கு வெட்டாமல் முழுசாக ஒன்றிலேயே வை என்று சொல்லும் ஒரு கூடுதல் எழுத்து, பல பிளாப்பிக்குப் பிரிக்கச் சொல்லும் சுவிட்சில் உண்டு. ஒவ்வொரு பிளாப்பியின் முடிவிலும் கொஞ்சம் இடம் வீணாகும், மொத்தத்தில் ஒன்றிரண்டு பிளாப்பி கூடலாம், ஆனால் அப்புறம் எந்தக் கோப்பும் ஒரே ஒரு பிளாப்பியை மட்டுமே நம்பியிருக்கும். பிளாப்பிக்குள் அடங்காத பெரிய கோப்புகள் இருந்தால் இந்த முறை ஒத்துவராது, அவற்றை மட்டும் தனியாக வெட்டும் முறையில் எடுக்க வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் தொகுதி ஒன்றில் நடுவில் ஒரு பிளாப்பி படிக்க மறுத்தது, பழைய பிளாப்பிகளில் இது நடக்கத்தான் செய்யும். அடுத்த பிளாப்பியிலிருந்து தொடங்கி மிச்சம் அத்தனையும் வந்துவிட்டது. கெட்டதில் என்னென்ன இருந்தன என்பதும் முன்பே அச்சிட்டு வைத்த பட்டியலில் இருந்ததால், அந்தக் கோப்புகளை மட்டும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டேன்.

வெறும் கணினியிலிருந்து மீட்பதும் எளிது. ஏஆர்ஜே ஒரே ஒரு ஈஎக்ஸ்ஈ கோப்பு. ஒரு பூட் பிளாப்பியில் எஃப்டிஸ்க், ஃபார்மேட், சிஸ் (டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும்படி டாஸை ஏற்றுவது) இவற்றோடு ஏஆர்ஜேயும் அடங்கிவிடுகிறது. பிளாப்பியில் பூட் செய்து, டிஸ்க்கைப் பிரித்து, ஃபார்மேட் செய்து உடனே விரிக்க ஆரம்பிக்கலாம். நியாயமாகச் சொன்னால் பிகேஅன்சிப்பும் இந்த விஷயத்தில் இதே மாதிரிதான்.

துண்டுகளின் பெயர் வேறு வேறாக இருப்பதால் இன்னொரு வசதி கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தால் 1.44 எம்பி துண்டுகளாக அங்கேயே எழுதி வைத்து, டாஸ் 6இன் இன்டர்லிங்க் வழியாக கேபிளில் இன்னொரு கணினிக்கு அனுப்பலாம். ஒரே கோப்பகத்தில் எல்லாத் துண்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஏஆர்ஜேயின் திறந்த மூல வடிவம் லினக்ஸில் கிடைக்கிறது, அங்கேயே சோதித்து அங்கேயே விரிக்கலாம். எம்எஸ்பேக்கப் தொகுதி என்றால் அதற்கு ஒரு டாஸ் சூழலை உருவாக்கி அதற்குள் எம்எஸ்பேக்கப்பை ஓட்ட வேண்டியிருக்கும்.

ஏஆர்ஜேயின் குறைகள் இல்லாமல் இல்லை. 286இல் மெதுவாகத்தான் ஓடும். நன்றாகச் சுருக்கும் ஒன்றாம் முறையில் செயலி திணறுவது வெளிப்படையாகத் தெரியும், பிளாப்பி டிரைவின் விளக்கு அணைந்து அணைந்து எரியும். நான்காம் முறை வேகம், ஆனால் சுருக்கம் குறைவு. 286க்கும் முந்தைய 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 கணினியில் நான் சிறிய தொகுதிகளை மட்டுமே எடுத்துப் பார்த்திருக்கிறேன், அங்கே முழு டிஸ்க்கை எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அனுபவம் போதாது, பிகேசிப் அங்கே மேலாக இருக்கலாம். டேப் டிரைவ் வைத்திருப்பவர்கள் விஷயமே வேறு, அந்தப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. மெனு கிடையாது, சுவிட்சுகளைப் பழக வேண்டும், பிளாப்பிக்குள் வழக்கமாகப் பிழைதிருத்தத் தகவலும் எழுதாது. ஒரு செக்டார் கெட்டால் அதில் இருந்த கோப்பு போனதுதான்.

இந்தக் கடைசிக் குறைக்கு நான் செய்வது இரண்டு தொகுதி வைத்துக்கொள்வது. சுருக்கம் பாதியாக்கித் தருவதால், சுருக்காமல் ஒரு தொகுதிக்கு ஆகும் பிளாப்பியில் இரண்டு தொகுதி எடுக்க முடிகிறது. ஒரே பிளாப்பி எண் இரண்டு தொகுதியிலும் சேர்ந்து கெடுவது அரிது. இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதில்லை, மாறி மாறி எடுக்கிறேன், அதனால் நேற்று தவறாக அழித்த கோப்பு முந்தைய தொகுதியில் இருக்கும். இடையில் மாறியவற்றை மட்டும் எடுக்க, குறிப்பிட்ட தேதிக்குப் பின் மாறியவை என்று ஏஆர்ஜேயிடம் கேட்கலாம். கணினியின் கடிகார பேட்டரி செத்திருந்தால் மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள், எல்லாக் கோப்பும் 1980 என்று பதிவாகியிருக்கும், அப்போது ஆர்க்கைவ் பிட்டைப் பார்க்கும் முறைதான் ஒழுங்காக வேலை செய்யும்.

எழுதி முடித்ததும் சோதனைக் கட்டளையை எல்லாத் துண்டுகள் மீதும் ஓட்டுங்கள், முடிந்தால் வேறொரு டிரைவில். எழுதிய டிரைவின் ஹெட் கொஞ்சம் விலகியிருந்தால் தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும், இன்னொரு டிரைவில் போட்டால்தான் விஷயம் தெரியும். சோதனை முடிந்த பிளாப்பிகளின் எழுதுதடுப்புத் துளையைத் திறந்துவிட்டு, கோப்புப் பட்டியலை அச்சிட்டு அதே பெட்டியில் வைத்துவிடுகிறேன்.